மறதி விற்பனைக்கு

2023 ஏப்ரல் 18. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்துக்குள் போலீசார் நுழைந்தார்கள். வந்தவர்கள் ஆறு பேருக்குக் குறையாது. வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் கணினிகளைக் கைப்பற்றுவதற்கான சோதனை ஆணை கையில் இருந்தது. அது முல்வாட் என்ற கட்டண விபிஎன் நிறுவனத்தின் அலுவலகம். ஊழியர்கள் எதையும் ஒளிக்கவில்லை. தங்கள் சேவை இயங்கும் விதத்தை விளக்கி, நீங்கள் தேடும் விவரம் எங்களிடம் எங்குமே கிடையாது என்றார்கள். அதிகாரிகள் அரசு வழக்கறிஞரிடம் பேசினார்கள். பிறகு ஒரு கணினியைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போனார்கள்.

வேறு எந்தத் தொழிலிலும் கணக்கு எழுதாமல் இருந்தால் தணிக்கையாளர் வந்து கழுத்தைப் பிடிப்பார். இந்தத் தொழிலில் எழுதாமல் இருப்பதுதான் விற்பனைச் சரக்கு. “நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை” என்ற வாசகம் இல்லாத விபிஎன் விளம்பரத்தைப் பார்ப்பது அரிது. மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் அந்த வாசகத்துக்குத்தான் கட்டுகிறார்கள். ஒன்று இருக்கிறது என்று காட்டுவது எளிது, எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். இல்லை என்று எப்படிக் காட்டுவது? கட்டண விபிஎன்களின் நம்பகம், பாதுகாப்பு, சட்டம் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன.

சுரங்கத்துக்குள் நடப்பது

கைபேசியில் ஒரு தளத்தைத் திறந்தால் தரவு சிறுசிறு பொதிகளாகப் பயணிக்கிறது. ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் இரண்டு முகவரிகள் உண்டு: எங்கிருந்து கிளம்பியது, எங்கே போக வேண்டும். இணைய இணைப்பு தரும் நிறுவனம் அவற்றைப் படித்தால்தான் பொதியை அனுப்ப முடியும். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குவதால் பொதியின் உள்ளடக்கம் குறியாக்கப்பட்டிருக்கிறது. வங்கித் தளத்தில் நீங்கள் தட்டிய கடவுச்சொல் அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. எந்த வங்கி என்பது தெரியும். நடுராத்திரியில் எந்த மருத்துவமனையின் தளத்தைத் திறந்தீர்கள், அலுவலக நேரத்தில் எந்த வேலைவாய்ப்புத் தளத்தை மேய்ந்தீர்கள் என்பதும் தெரியும்.

விபிஎன் அந்தப் பொதியை முகவரியோடு சேர்த்துக் குறியாக்கி, இன்னொரு பொதிக்குள் வைத்துவிடுகிறது. போகும் இடம் என்று வெளியே தெரிவது விபிஎன் சர்வரின் முகவரி மட்டும். இந்த மறைப்பாதைக்குத்தான் சுரங்கம் என்று பெயர். சர்வர் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொதியைத் தன் சொந்த முகவரியிலிருந்து போவதுபோல் அனுப்பி வைக்கிறது. தளத்துக்கு உங்கள் முகவரி தெரியாது, இணைப்பு நிறுவனத்துக்குத் தளம் தெரியாது.

இதில் வியப்பு எங்கே என்றால், உங்கள் கைபேசியும் எங்கோ இருக்கும் சர்வரும் முன்பின் அறியாதவை. யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கக்கூடிய பாதையில் பேசியே, ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாத ஒரு சாவியை இரண்டும் உருவாக்கிக்கொள்கின்றன. முடியாத காரியம்போல் தோன்றும் இதற்கு 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வழி காட்டினார்கள். ஒவ்வொரு முனையும் ஒரு ரகசிய எண்ணைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து கணக்கிட்ட வேறோர் எண்ணை மட்டும் வெளியே அனுப்புகிறது. எதிர்முனையிலிருந்து வந்த எண்ணோடு தன் ரகசிய எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டு பக்கமும் ஒரே விடை வருகிறது. அந்த விடையே சாவி. நடுவில் நின்றவர் வெளியே போன இரண்டு எண்களையும் பிடித்துவிட்டாலும், அவற்றிலிருந்து பின்னோக்கிப் போய் ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கு இன்றைய கணினிகளால் நடைமுறையில் தீராது.

இன்றைய நல்ல சேவைகளில் பெரும்பாலானவை வழங்கும் வயர்கார்டு என்ற முறை இந்த அடிப்படையில் எழுந்தது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய இது 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளக் கருவின் 5.6 பதிப்பில் சேர்ந்தது. முதன்மைக் குறிநிரல் சுமார் 4,000 வரிகள்தான். ஒரு தேர்ந்த நிபுணர் தனியாக உட்கார்ந்து முழுவதையும் படித்துப் பிழை தேட முடியும். அது பயன்படுத்தும் 256 பிட் சாவியில் சாத்தியமான சேர்க்கைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். அந்தச் சாவியும் நிரந்தரம் இல்லை. சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதிய சாவி பிறக்கிறது, பழையது அழிக்கப்படுகிறது. இன்று ஓடிய பொதிகளை ஒருவர் சேமித்து வைத்து, அடுத்த ஆண்டு சர்வரையே கைப்பற்றினாலும் அவற்றைத் திறக்க முடியாது. திறக்கும் சாவி உலகத்தில் இருக்காது. வேண்டுமென்றே மறப்பது இங்கேயே தொடங்கிவிடுகிறது.

எல்லா முறைகளும் இப்படி உறுதியானவை அல்ல. 1990-களில் மைக்ரோசாஃப்ட் முன்னின்று உருவாக்கிய பிபிடிபி முறையின் உள்நுழைவுச் சோதனையை உடைக்கும் கருவியை 2012-இல் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் வெளிப்படையாகவே வெளியிட்டார்கள். இன்னமும் அதை வழங்கும் சேவையின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

நம்பிக்கை இடம் மாறுகிறது

கணிதம் காப்பது கைபேசிக்கும் சர்வருக்கும் இடையே உள்ள பாதையை மட்டும். சர்வருக்குள் பொதி பிரிக்கப்படும் அந்தக் கணத்தில், நீங்கள் யார் என்பதும் எங்கே போகிறீர்கள் என்பதும் ஒரே இடத்தில் தெரிந்துவிடுகின்றன. தளம் தரும் பதிலை உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் உங்கள் முகவரி சர்வருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆகவே எந்த விபிஎன் நிறுவனமும் உங்களைப் பற்றி எதுவும் அறியாமல் இயங்க முடியாது. அந்த நிறுவனத்தால் செய்ய முடிந்தது, அறிந்ததை உடனே மறப்பது. இணைப்பு நிறுவனத்தின் மீது இருந்த நம்பிக்கையை எடுத்து, வேறொரு நாட்டில் இருக்கும், முகம் பார்த்திராத இன்னொரு நிறுவனத்தின் மீது வைக்கிறோம். விபிஎன் வாங்குவது என்றால் அதுதான்.

விபிஎன் தொடவே தொடாத விஷயங்களும் உண்டு. ஜிமெயிலில் உள்நுழைந்த பிறகு கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எந்த நாட்டு முகவரியில் வந்தாலும் சரி. திரையின் அளவு, எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஒரு கணினியை அடையாளம் காணலாம். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் ஆராய்ந்த உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்த அடையாளம் கொண்டவையாக இருந்தன. போலி வங்கி அதிகாரியிடம் ஓடிபி சொல்லிவிட்டால் எந்தச் சுரங்கமும் பணத்தைக் காப்பாற்றாது. பொது வை-ஃபையில் திருடர்கள் காத்திருப்பதுபோல் காட்டிய நார்ட்விபிஎன் விளம்பரம் ஒன்றை, ஆபத்தை மிகைப்படுத்துகிறது என்று சொல்லி பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2019-இல் தடுத்தது. எச்டிடிபிஎஸ் பரவிய பிறகு அந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிட்டது.

காசு கொடுத்தால் போதுமா?

இலவச விபிஎன்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2016-இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். 18 சதவீதச் செயலிகளில் குறியாக்கமே இல்லை. 75 சதவீதச் செயலிகளில் பயனரைப் பின்தொடரும் பிறருடைய நிரல்கள் இருந்தன. பாதுகாப்புச் செயலி என்ற பெயரில் ஃபேஸ்புக் வழங்கிய ஓனாவோ, பயனர்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்ற தகவலைத் தன் முதலாளிக்கே அனுப்பியது. இதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023-இல் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு உங்களை விற்க வேண்டிய அவசியம் குறைகிறது, அவ்வளவுதான். அவசியம் இல்லாததாலேயே செய்ய மாட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. கணினிப் பாதுகாப்பு மென்பொருள் விற்ற அவாஸ்ட், பயனர்களின் உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 1.65 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. ஹைட்மைஆஸ் என்ற கட்டண விபிஎன்னும் அதே குடும்பத்துச் சொத்துதான்.

அந்த ஹைட்மைஆஸ்தான் இந்தத் துறையின் முதல் பெரிய பாடத்தையும் தந்தது. 2011-இல் சோனி பிக்சர்ஸ் தளத்தில் ஊடுருவிய ஒருவர் அதன் வழியாக வந்திருந்தார். நீதிமன்ற ஆணை வந்ததும் பிரிட்டனைச் சேர்ந்த அந்த நிறுவனம் தன் பதிவுகளைக் கொடுத்தது. இணைப்பு நேரத்தைப் பதிவு செய்வோம் என்று அதன் விதிமுறையிலேயே இருந்தது. ஊடுருவியவர்தான் படித்துப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டும் வேறு ரகம். ஐபிவானிஷ் “பதிவுகள் இல்லை” என்று விளம்பரம் செய்துகொண்டே 2016-இல் ஒரு பயனரின் உண்மையான ஐபி முகவரியையும் இணைந்த நேரங்களையும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் தந்தது. இது வெளியே தெரிய 2018 ஆயிற்று. 2017-இல் மாசசூசெட்ஸில் ஒரு பெண்ணை இணையத்தில் விடாமல் துன்புறுத்தியவரை எஃப்பிஐ பிடித்தபோது, அவர் வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஒரே விபிஎன் கணக்கில் நுழைந்தார் என்று காட்டியது பியூர்விபிஎன் தந்த பதிவு. அந்த நிறுவனமும் பதிவு வைப்பதில்லை என்றே விளம்பரம் செய்து வந்தது. பிடிபட்டவர்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த அதே வாக்கைத்தான் ஒரு பத்திரிகையாளருக்கும், கணவனிடமிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணுக்கும் அந்த நிறுவனங்கள் கொடுத்திருந்தன. குற்றவாளியின் விஷயத்தில் பொய்யான வாக்கு மற்றவர்கள் விஷயத்தில் மட்டும் மெய்யாக இருந்திருக்க முடியாது.

நீதிமன்றம் என்னும் சோதனைச்சாலை

மறதியைச் சோதிக்க வழி இருக்கிறதா? வேடிக்கை என்னவென்றால், மிக நம்பகமான சோதனையை நடத்திக் கொடுத்தவர்கள் போலீசார்தான். 2016-இல் வெடிகுண்டு மிரட்டல் வழக்கு ஒன்றில் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் நிறுவனத்திடம் எஃப்பிஐ அழைப்பாணையோடு போனது. பயன்பட்ட முகவரிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள சர்வர் தொகுப்பைச் சேர்ந்தவை என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை என்று நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. 2018-இல் இன்னொரு வழக்கிலும் அதே வெறுங்கைதான்.

2016 டிசம்பரில் துருக்கிக்கான ரஷ்யத் தூதர் ஆந்த்ரேய் கார்லோவ் அங்காராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளியின் மின்னஞ்சல், ஃபேஸ்புக் கணக்குகளில் இருந்த உரையாடல்களை யாரோ எக்ஸ்பிரஸ்விபிஎன் வழியாக வந்து அழித்திருந்தார்கள். துருக்கியில் இருந்த சர்வரையே அதிகாரிகள் பறிமுதல் செய்து ஆராய்ந்தும் பயனில்லை. ஒரு நாட்டின் விசாரணை அதிகாரிகள் சர்வரையே கைப்பற்றித் தேடியும் கிடைக்காதது, பொதுவாக, இல்லாததாகத்தான் இருக்க வேண்டும்.

தணிக்கை நிறுவனங்களை வரவழைத்துச் சான்றிதழ் வாங்குவது இப்போது வழக்கம். அது வேண்டியதுதான். ஆனால் தணிக்கையாளர் வந்த வாரத்தில் சர்வர் எப்படி இருந்தது என்பதற்கே அது சாட்சி.

இதைவிட உறுதியான வழி, மறதியை இயந்திரத்திலேயே கட்டிவிடுவது. எக்ஸ்பிரஸ்விபிஎன் 2019-இலும் முல்வாட் 2023-இலும் தங்கள் சர்வர்களை வட்டு இல்லாமல், ரேம் நினைவகத்தில் மட்டுமே இயங்கும்படி மாற்றின. ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது தானாகவே கசிந்துகொண்டிருப்பதால், 64 மில்லி விநாடிக்கு ஒருமுறையாவது படித்துத் திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் நின்றால் எழுதும் வேலை நின்றுவிடும், எல்லாம் சில விநாடிகளில் கரைந்துவிடும். சர்வரின் செருகியைப் பிடுங்கி எடுத்துச் செல்பவருக்கு இரும்பும் சிலிக்கானும்தான் மிஞ்சும். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் நினைவகச் சில்லுகளைச் சுமார் மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்துக் காட்டினார்கள். அந்தக் குளிரில் மின்சாரம் நின்று சில நிமிடங்கள் ஆகியும் தகவல் பெரும்பாலும் அழியாமல் இருந்தது. மறதிக்கும் வெப்பநிலை உண்டு.

முல்வாட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணக்கு தொடங்கப் பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். 16 இலக்க எண் ஒன்று தருவார்கள். மாதம் 5 யூரோவை உறையில் போட்டுத் தபாலில்கூட அனுப்பலாம். போலீசார் வெறுங்கையோடு போனதற்குக் காரணம் ஊழியர்களின் மன உறுதி அல்ல. கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாதபடி அமைப்பு இருந்தது.

சட்டம் கேட்கும் பதிவேடு

இயந்திரம் மறக்கத் தயாராக இருந்தாலும் அரசு அதை அனுமதிக்க வேண்டும். நம் ஊர் லாட்ஜ்களின் வரவேற்பு மேசையில் ஒரு தடித்த பதிவேடு இருக்கும்: பெயர், முகவரி, வந்த நோக்கம், அறை எண், காலி செய்த நேரம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், ஏறக்குறைய அதே பதிவேட்டை விபிஎன் நிறுவனங்களிடமும் கேட்டது. சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், சேவை எடுத்த காலம், ஒதுக்கிய ஐபி முகவரிகள், எதற்காக எடுத்தார் என்ற காரணம் எல்லாவற்றையும், வாடிக்கையாளர் விலகிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அலுவலகங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு விலக்கு கிடைத்தது.

எந்தத் தளத்தைப் பார்த்தார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அது தேவையும் இல்லை. இன்னாருக்கு இந்த முகவரி என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால், இந்த முகவரியிலிருந்து ஒருவர் வந்தார் என்ற குறிப்பு தளத்தின் பக்கம் இருக்கவே இருக்கிறது. இரண்டையும் அருகில் வைத்தால் ஆள் கிடைத்துவிடுவார். இணையக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரிக்கு இது வேண்டியிருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு குற்றவாளிக்காக எல்லோருடைய பெயரையும் எழுதி வைத்த ஏடு, கசிந்தால் எல்லோருடையதுமாகத்தான் கசியும்.

விதி நடைமுறைக்கு வரும் முன்பே எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் ஆகியவை இந்தியாவில் இருந்த சர்வர்களை அகற்றின. சில நிறுவனங்கள் சிங்கப்பூரிலும் லண்டனிலும் சர்வரை வைத்து அதற்கு இந்திய ஐபி முகவரி கொடுத்தன. செயலியில் “இந்தியா” என்று தெரியும், எந்திரம் கடலுக்கு அப்பால் ஓடும். புனேயைச் சேர்ந்த ஒரு சிறிய நிறுவனம் விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்று இந்தியா முழுவதற்குமான சட்டம் ஏதும் இல்லை. ஜம்மு காஷ்மீர் போன்ற இடங்களில் நிர்வாகம் அவ்வப்போது தடை விதித்திருக்கிறது. எது குற்றமோ அது விபிஎன் வழியாகச் செய்தாலும் குற்றம்தான்.

கடல் தாண்டி இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, மக்கள் போராட்டத்தை முன்னிட்டுச் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மக்கள் விபிஎன்னில் ஏறிக்கொண்டார்கள். அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தானும் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் ட்விட்டரில் எழுதினார். அன்றே தடை நீங்கியது.

நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்று விளம்பரங்கள் பெருமையாகச் சொல்வதற்கு, சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதுதான் காரணம். ஆனால் நாடு என்பது நிரந்தரக் காப்பு அல்ல. சுவிட்சர்லாந்தின் தனியுரிமைச் சட்டத்தை முன்வைத்து வளர்ந்த புரோட்டான், 2021-இல் அந்நாட்டு ஆணைக்குக் கட்டுப்பட்டு, தன் மின்னஞ்சல் சேவையில் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சூழலியல் போராட்டக்காரரின் ஐபி முகவரியைப் பதிவு செய்து தர வேண்டியதாயிற்று. அங்கே மின்னஞ்சலுக்கு ஒரு சட்டம், விபிஎன்னுக்கு வேறொரு சட்டம். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பாதுகாப்பு ஒன்றல்ல.

ஓட்டைகளும் உரிமையாளர்களும்

நேர்மையான நிறுவனத்தின் சுரங்கமும் ஒழுகலாம். 2018 மார்ச்சில் ஃபின்லாந்தில் நார்ட்விபிஎன் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வருக்குள், தரவு மையம் விட்டுவைத்திருந்த தொலைநிலை மேலாண்மைக் கருவி வழியாக ஒருவர் நுழைந்தார். வாடிக்கையாளர்களுக்கு இது தெரிந்தது 2019 அக்டோபரில். 2024 மே மாதம் லெவியாதன் என்ற பாதுகாப்பு நிறுவனம் டனல்விஷன் என்ற குறையை வெளியிட்டது. கணினிக்கு முகவரி ஒதுக்கும் உள்ளூர் வை-ஃபை கருவியே, பாதையையும் மாற்றிச் சொல்லிப் பொதிகளைச் சுரங்கத்துக்கு வெளியே திருப்பிவிட முடியும். திரையில் “இணைக்கப்பட்டது” என்ற பச்சை விளக்கு அப்படியே எரியும். அதற்கு வழிவிட்ட வசதி 2002 முதலே இருந்து வருகிறது. அந்த வசதியை ஏற்காத ஆண்ட்ராய்டு மட்டும் தப்பியது.

எந்தச் சேவை நல்லது என்று தேடினால் நூறு ஒப்பீட்டுத் தளங்கள் வரும். அங்கேயும் யார் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில், விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருள்களுக்குப் பயன்பட்ட தளம் ஒன்றை நடத்தியது. பிறகு சைபர்கோஸ்ட், ஜென்மேட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை வரிசையாக வாங்கி, 2021-இல் எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில், விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் விபிஎன்மென்டர் தளத்தின் உரிமையாளரையும் வாங்கிவிட்டது. தேர்வு எழுதுபவரும் விடைத்தாள் திருத்துபவரும் ஒரே வீட்டுக்காரர்கள். போலீசாரின் சோதனையில் தேறிய இரண்டு சேவைகள் இந்தப் பட்டியலில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். அன்று தேறிய நிறுவனத்தின் முதலாளி இன்று வேறொருவர்.

அறிந்து மறப்பவரை நம்புவதற்குப் பதில், யாருமே முழுதாக அறியாதபடி அமைக்க முடியாதா? 1981-இல் டேவிட் சாம் இதற்கான எண்ணத்தை முன்வைத்தார். டோர் வலையமைப்பு அந்த வழியில் வந்தது. பொதி மூன்று சர்வர்களைக் கடக்கிறது. முதலாவதுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக்குப் போகும் இடம் தெரியும், ஆள் தெரியாது. வேகம் குறையும், சில தளங்கள் உள்ளே விடாது. உயிருக்கே ஆபத்துள்ள தகவலைக் கொண்டு செல்பவருக்கு அது சிறிய விலை. ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த பிரைவேட் ரிலேயும் இதே தத்துவத்தை இரண்டு கட்டங்களில் செய்கிறது.

பயணத்தில் விடுதி வை-ஃபையைப் பயன்படுத்துபவருக்கும், இணைப்பு நிறுவனம் தன் உலாவலைப் பார்ப்பதை விரும்பாதவருக்கும், முடக்கப்பட்ட தளத்தைத் திறக்க வேண்டியவருக்கும் நல்ல கட்டண விபிஎன் போதும். சுரங்கம் அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் வசதியை இயக்கி வைத்துக்கொள்ளலாம். மூன்றாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டாமல் இருக்கலாம், நிறுவனங்கள் கைமாறும் வேகம் அப்படி. வாங்கும் முன் “உங்களை நம்பலாமா?” என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஆம் என்பார்கள். நாளை உங்கள் நிறுவனத்தை வேறொருவர் வாங்கினால், உங்கள் நாட்டில் வேறு சட்டம் வந்தால், என்னைப் பற்றி உங்களால் எவ்வளவு சொல்ல முடியும் என்று கேட்க வேண்டும். விடை எவ்வளவு குறைவோ, சேவை அவ்வளவு நல்லது.